மாணவருக்கு ஓர் இருக்கை: விழுப்புரத்திலிருந்து காமன்வெல்த் வரை



நாடுகள் கூடிப் பேசும் அவைகளில் மாணவர்களின் குரலுக்கு என்ன இடம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு காமன்வெல்த் மாணவர் சங்கம். காமன்வெல்த் நாடுகளின் கல்வி மாநாடு முதன்முதலில் 1959இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடியது. அன்றுமுதல் அமைச்சர்களும் அதிகாரிகளும் கூடிக் கூடி மாணவர்களைப் பற்றிப் பேசிவந்தார்கள். அந்த மாணவர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்போடு அந்த அரங்குக்கு வர 2012 ஆகிவிட்டது. மொரீஷியஸில் நடந்த பதினெட்டாவது மாநாட்டில்தான் காமன்வெல்த் மாணவர் சங்கம் உருவானது. இன்று காமன்வெல்த்தில் 56 நாடுகள் இருக்கின்றன. அவற்றின் மக்களில் ஐந்தில் மூன்று பங்கினர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். மொத்த மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். ஆகவே காமன்வெல்த் மாணவர்களின் பெயரால் ஒருவர் பேச எழும்போது அவர் யாருடைய பிரதிநிதி என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தியக் கல்லூரிகளில்தான் கிடைக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பன்னாட்டு மாணவர் அவை என்பது ஓர் ஏணியின் உச்சிப்படி. அதன் கீழ்ப்படிகள் வகுப்பிலும் துறையிலும் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. கீழ்ப்படிகள் இல்லாத ஏணியின் உச்சியில் ஒருவர் நின்றால், அவர் ஏறிப் போனவர் அல்லர். யாரோ தூக்கி வைத்தவர். அவர் திறமைசாலியாக இருக்கலாம், நல்ல பேச்சாளராகவும் இருக்கலாம். ஆனால் அவரை அனுப்பிவைத்தவர்கள் என்று சொல்ல ஒரு கூட்டம் இராது. திரும்பி வந்து அவர் பதில் சொல்ல வேண்டிய இடமும் இராது. தமிழ்நாடு தன் மாணவர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சியும் பேருந்து அட்டையும் மனமுவந்து தந்திருக்கிறது. முடிவெடுக்கும் மேசையில் ஓர் இருக்கையை மட்டும் தரவில்லை. இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை விழுப்புரம் மாவட்டத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

இந்த வட்டாரக் கல்லூரிகளின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதனுடன் இணைக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் அ.தி.மு.க. அரசு விழுப்புரத்தையே தலைமையிடமாக்கி ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தி.மு.க. அரசு இன்னொரு சட்டத்தால் அதைச் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைத்தது. இருபது ஆண்டுகளுக்குள் ஒரு வட்டாரத்தின் பட்டச் சான்றிதழில் பதியும் முத்திரை மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டது. இவற்றுள் எந்த முடிவு சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த அரசு காரணம் வைத்திருந்தது. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. சட்டமன்றத்தில் கட்சிகள் மோதிக்கொண்டன, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று, தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுதப் போகிறவர்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்ற கடப்பாடு இரண்டு அரசுகளுக்குமே இருக்கவில்லை. கேட்க நினைத்திருந்தாலும் யாரைக் கேட்டிருப்பார்கள்? விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்ட மாணவர்களின் பெயரால் பேசும் உரிமை பெற்ற, அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு பேரவை இருந்ததா?

பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது என்பது மாணவருக்கு வெறும் பெயர்ப்பலகை விஷயம் அன்று. அரியர் தாளுக்கு விண்ணப்பிக்க, மதிப்பெண் பட்டியலில் பெயர்ப் பிழை திருத்த, தற்காலிகச் சான்று வாங்க, மறுமதிப்பீட்டு முடிவு ஏன் வரவில்லை என்று விசாரிக்க அவர் அந்த ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. விழுப்புரத்திலிருந்து வேலூர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து சிதம்பரம் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். இந்த வட்டாரத்தில் படிக்கும் பிள்ளைகளில் பலர் விடுமுறை நாளில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள். மாவட்டத்துக்கு ஒரு சேவை மையம் வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது தேர்வுப் பிரிவு அலுவலர் விழுப்புரத்தில் வந்து உட்கார வேண்டும் என்ற எளிய கோரிக்கையைப் பல்கலைக்கழகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏற்ற ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் பிரதிநிதி.

இப்போது இருக்கும் ஏற்பாடுகள் போதாதா என்று கேட்கலாம். அவற்றைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும், அதில் நிறைவடையாதவர் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. நல்ல விதிகள். ஆனால் குழுவில் உறுப்பினர்கள் பேராசிரியர்கள். மாணவர் ஒருவர் உண்டு. அவர் ‘சிறப்பு அழைப்பாளர்’. அவரையும் மாணவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. படிப்பிலோ விளையாட்டிலோ பிற கலைகளிலோ சிறந்தவர் என்று நிர்வாகம் நியமிக்கிறது. கல்லூரிகளின் உள்தர உறுதிக் குழுவிலும் ஒரு மாணவர் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, அவரும் நியமிக்கப்படுகிறவர்தான். பள்ளியில், கல்வி உரிமைச் சட்டம் உருவாக்கிய மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். தமிழ்நாடு 2022இல் இக்குழுக்களுக்குப் புத்துயிர் தந்ததும், 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதும் பாராட்டத் தக்கவை. முன்னாள் மாணவரின் அறிவுரை பள்ளிக்குத் தேவை என்றால், இன்று அந்தப் பள்ளியின் கழிவறையைப் பயன்படுத்துகிற மாணவியின் சொல் அதைவிடத் தேவை. நியமனத்தை நான் இழிவாகப் பேசவில்லை. நியமிக்கப்பட்ட மாணவர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனால் தன்னை நியமித்தவரின் முகத்தைப் பார்த்தபடி, அவர் விரும்பாத ஒரு செய்தியைச் சொல்லும் சுமையை 19 வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது முறையல்ல. நூறு பேர் வாக்களித்து அனுப்பினால் அந்தச் சுமையை நூறு பேரும் சேர்ந்து தாங்குகிறார்கள்.

சொல்லக் கேட்பார் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டத்தின் நினைவில் ஆறாத ஒரு புண் இருக்கிறது. 2016 ஜனவரியில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் சின்னசேலம் அருகே ஒரு தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரியின் மூன்று மாணவிகள் இறந்தார்கள். கூடுதல் கட்டணம் பற்றிய குற்றச்சாட்டை எழுதிவைத்துவிட்டு இறந்தார்கள். அதற்கு முன்பே அக்கல்லூரி மாணவர்கள் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் முறையிட்டிருந்தார்கள், போராடியிருந்தார்கள். அவர்கள் வாய் மூடி இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசினார்கள், ஆனால் அவர்களுடைய பேச்சு யாரையும் கட்டுப்படுத்தவில்லை. மனு கொடுப்பவருக்கும் உறுப்பினருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: மனுவைக் கோப்பில் வைத்து மூடலாம், உறுப்பினரின் கேள்விக்குக் கூட்டக் குறிப்பில் பதில் எழுதியாக வேண்டும். ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை இருந்திருந்தால் அந்த மூவரும் பிழைத்திருப்பார்கள் என்று உறுதி சொல்ல எனக்கு உரிமை இல்லை. கட்டணம் என்ன, யார் நிர்ணயித்தது, வாங்கிய பணத்துக்கு ரசீது எங்கே என்ற கேள்விகள் எழுத்தில் பதிவாகி, பல்கலைக்கழகத்தின் கைக்கு முன்கூட்டியே போயிருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

காமன்வெல்த் குடும்பத்திலேயே இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். நிறவெறி ஆட்சி வீழ்ந்த இரண்டே ஆண்டுகளில், 1996இல், தென்னாப்பிரிக்கா தன் பள்ளிச் சட்டத்தை இயற்றியது. எட்டாம் வகுப்போ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மாணவர் பிரதிநிதி மன்றம் இருந்தாக வேண்டும் என்று அது விதித்தது; பள்ளியின் ஆட்சிக் குழுவிலும் மாணவர்களுக்கு இடம் தந்தது. அடுத்த ஆண்டு வந்த உயர்கல்விச் சட்டம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் மன்றத்தைக் கட்டாயமாக்கியது. சோவெட்டோ மாணவர்கள் 1976இல் தெருவில் சிந்திய இரத்தத்துக்கு அந்த நாடு சிலை மட்டும் வைக்கவில்லை. சட்டத்தில் இருக்கையும் போட்டது. நமக்கு அருகிலேயே கேரளப் பல்கலைக்கழகங்களின் செனட்டில் மாணவர் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய காலாப்பட்டில், புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவைக்குத் தேர்தல் நடந்துவந்திருக்கிறது. எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. பாகிஸ்தானில் ஜியா உல் ஹக் ஆட்சி 1984இல் மாணவர் சங்கங்களைத் தடைசெய்தது. வளாகத்தில் வன்முறை ஒழியும் என்றார்கள், ஒழியவில்லை. வாக்குப்பெட்டிதான் ஒழிந்தது. சிந்து மாகாணம் 2022இல் சட்டம் இயற்றி மாணவர் சங்கங்களை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு பெருமிதத்தோடு சொல்லப்படுவது: தமிழ்நாட்டு மாணவருக்கு இருக்கை எதற்கு, அவர்கள் தெருவுக்கு வந்தால் அரசுகளே மாறுகின்றனவே! 1965 இந்தி எதிர்ப்பு மொழிப்போரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் ஜனவரி 27 அன்று துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டே ஆண்டுகளில் ஆட்சி மாறியது. விருதுநகரில் காமராசரையே மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் தோற்கடித்தார். 2017இல் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் திரண்ட இளைஞர்களுக்காகச் சில நாட்களில் அவசரச் சட்டமும் அதையடுத்துச் சட்டமும் வந்தன. உண்மைதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1965இல் கல்லூரிகளில் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. போராட்டக் குழுவை நடத்தியவர்களில் பலர் கல்லூரி மாணவர் சங்கங்களில் தலைமைக்கு வந்தவர்கள். அரசு பேச விரும்பினால் பேச ஆள் இருந்தது. 2017இல் கூட்டம் அதைவிடப் பெரிது, ஒழுங்கும் வியக்கத்தக்கது. ஆனால் அதன் பெயரால் கையெழுத்திடவோ, கலைவோம் என்று முடிவெடுக்கவோ எவருக்கும் அதிகாரம் இல்லை. கடைசி நாளில் காவல்துறை கலைத்தது. போராட்டம் ஒரு சட்டத்தைக் கொண்டுவரும் அல்லது தடுக்கும். தேர்வுக் கட்டணத்தையும் விடுதி உணவையும் மாலைச் சுழற்சி முடியும் நேரத்துக்கு மயிலத்துக்கும் மரக்காணத்துக்கும் செஞ்சிக்கும் பேருந்து இருக்கிறதா என்பதையும் ஆண்டு முழுவதும் கவனிக்க அதனால் முடியாது. இவற்றுக்காக யாரும் மெரினாவில் திரள மாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு, தேர்தல் வந்தால் கட்சி வரும், காசு வரும், கத்தி வரும் என்பது. இந்த அச்சம் பொய்யல்ல. அதனால்தான் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் குழு அமைந்தது. 2006 செப்டம்பரில் நீதிமன்றம் அதன் பரிந்துரைகளை ஏற்றது. வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும். இளங்கலை மாணவருக்கு வயது 17 முதல் 22 வரை. செலவு உச்சவரம்பு 5,000 ரூபாய். அச்சிட்ட சுவரொட்டி கூடாது. குற்றப் பின்னணி கூடாது. கல்வியாண்டு தொடங்கிய ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல் முடிய வேண்டும். சூழல் சரியில்லாத இடத்தில் நியமன முறையை இடைக்கால ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம் என்றும், ஐந்தாண்டுகளுக்குள் தேர்தலுக்கு மாற வேண்டும் என்றும் குழு சொன்னது. அந்த ஐந்தாண்டு 2011இலேயே முடிந்துவிட்டது. நமது அரசுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் பேரவைத் தேர்தல் என்பது ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. இடைக்காலம் என்று சொல்லப்பட்டது நிரந்தரமாகிவிட்டது.

மூன்றாவது மறுப்பு சாதி. இதை நான் மிகக் கனமாக எடுத்துக்கொள்கிறேன், எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1978 ஜூலையில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்ட ஊர் விழுப்புரம். 2023இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு வரை சாதி எப்படி ஊடுருவியிருக்கிறது என்று எழுதியது. இந்தச் சூழலில் வகுப்புத் தலைவர் தேர்தல் வைத்தால் எண்ணிக்கையில் பெரிய சாதியே எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளாதா? கட்டுப்பாடின்றி வைத்தால் எடுத்துக்கொள்ளும். ஆனால் இதே கேள்வி உள்ளாட்சித் தேர்தலிலும் எழுந்தது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்குப் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. அதற்காக அரசு ஊராட்சி முறையை ஒழிக்கவில்லை, ஒதுக்கீட்டையும் கைவிடவில்லை. 2006இல் தேர்தலை நடத்திக் காட்டியது. விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் திண்டிவனம், வானூர் சட்டமன்றத் தொகுதிகளும் தனித் தொகுதிகள். எல்லாச் சாதியினரும் வாக்களித்து ஒரு தலித் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது இந்த மண்ணுக்குப் பழகிய செயல். கல்லூரிப் பேரவையிலும் பெண்களுக்குப் பாதி இடம், தலித், பழங்குடி மாணவர்களுக்குச் சுழற்சி ஒதுக்கீடு என்று விதி எழுத முடியாதா? சாதி இருக்கிறது என்பதற்காக வாக்கை மறுத்தால், சாதிச் சங்கங்களின் பதாகைக்குக் கீழேதான் மாணவர் ஒதுங்குவார். பொதுவாக நிற்கும் இடம் ஒன்றாவது வேண்டும்.

முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு அரசியல் எதற்கு, படித்து வேலைக்குப் போகட்டும் என்பது அன்பினால் வரும் மறுப்பு. பெற்றோர் சொல்வது. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு பிரதிநிதி இருக்கிறார். அப்பா முதல்வரைப் போய்ப் பார்ப்பார். சித்தப்பா பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசுவார். மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நாள் எது என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கும். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்திலிருந்து வரும் மாணவிக்கு இவர்களில் ஒருவரும் இல்லை. ஆகவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி யாருக்குத் தேவை என்றால் அவளுக்குத்தான். புதுமைப்பெண் திட்டம் மாதம் ஆயிரம் ரூபாயை அவள் கணக்கில் போடுகிறது, அது பெரிய காரியம். ஒரு மாதம் அது வராமல் போனால் யாரிடம் சொல்வது என்பது அடுத்த கேள்வி. வயது போதாது என்பதற்கும் இங்கேயே பதில் உண்டு. வாக்குரிமை வயது 1989 முதல் பதினெட்டு. 2024 ஜூலையில் விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் இரண்டாம் ஆண்டு மாணவர் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார். தன் வகுப்புக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க அவருக்கு முதிர்ச்சி இல்லை என்பது எப்படிப் பொருந்தும்? பள்ளிப் பிள்ளைகளுக்குத் தென்னாப்பிரிக்கா ஓர் அழகான வரம்பு வைத்திருக்கிறது: ஆட்சிக் குழுவில் இருக்கும் வயது நிரம்பாத மாணவர் பள்ளியின் சார்பில் ஒப்பந்தம் செய்யக் கூடாது, பள்ளிக்குப் பொறுப்பை உண்டாக்கும் தீர்மானங்களில் வாக்களிக்கக் கூடாது, மற்றவற்றில் அவர் உறுப்பினரே.

இந்தப் பேச்சில் நான் அதிகம் நினைப்பது இரண்டு கூட்டத்தாரை. ஒரு சாரார் இருளர் பிள்ளைகள். திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல்லாண்டுகளாகப் பேசிவருவது, சாதிச் சான்றிதழ் என்ற ஒரு தாள் இல்லாமல் அந்தப் பிள்ளைகளின் படிப்பு எப்படி அறுகிறது என்பதைத்தான். பழங்குடிச் சான்றைச் சார் ஆட்சியர் நிலையில் தர வேண்டும். மனு, விசாரணை, மீண்டும் மனு என்று அலைவதற்குள் உதவித்தொகைக்கான கெடு முடிந்துவிடும். பள்ளியில் ஒரே ஓர் இருளர் மாணவி இருந்தாலும் அவளுக்காகக் கேட்க மாணவர் மன்றத்தில் கட்டாயம் ஒருவர் இருக்க வேண்டும். மற்றொரு சாரார் கீழ்ப்புத்துப்பட்டு மறுவாழ்வு முகாமின் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தும் இந்திய வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள். நாட்டில் வாக்கு இல்லாதவருக்கும் வகுப்பில் வாக்கு உண்டு, ஏனென்றால் அங்கே தகுதி குடியுரிமை அன்று, மாணவர் என்பதுதான். அந்த முகாமிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 1968இல் 124 நாடுகளின் மண்ணை இளைஞர்கள் கொண்டுவந்து ஒரு தாழியில் சேர்த்த ஆரோவில் இருக்கிறது. பன்னாட்டுச் சமூகம் என்ற சொல்லுக்குப் பொருள் தேடி விழுப்புரம் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வகுப்புக்கு இருவர், அவர்களில் ஒருவர் பெண், இரகசிய வாக்கெடுப்பில். அவர்கள் சேர்ந்து துறைக்கு ஒருவர், துறையினர் சேர்ந்து கல்லூரிப் பேரவை. லிங்டோ குழு ஏற்ற மறைமுகத் தேர்தல் இதுவே. குறைதீர்ப்புக் குழுவிலும் உள்தரக் குழுவிலும் அமர்கிற மாணவரைப் பேரவையே அனுப்ப வேண்டும். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் இணைவுக் கல்லூரிப் பேரவைகள் கூடி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அவைகளுக்குத் தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கச் சட்டத் திருத்தம் வேண்டும். பல்கலைக்கழகத்தின் எல்லையை மாற்றும் மசோதா எதுவாயினும் அவர்களிடம் கருத்துக் கேட்ட பிறகே அவைக்கு வர வேண்டும். பள்ளிகளில் 2024இல் தொடங்கிய மகிழ்முற்றம் என்ற மாணவர் குழுக்களுக்கு ஏற்கெனவே மாணவத் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இருவரைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார வைப்பது ஓர் அரசாணையில் முடிகிற காரியம். ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பும் தமிழில் எழுதப்பட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்; யார் என்ன கேட்டார், நிர்வாகம் என்ன பதில் சொன்னது, எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டது என்பது அதில் இருக்க வேண்டும்.

பல்கலைக்கழக இருக்கைக்குச் சட்டம் வேண்டும், காத்திருக்கலாம். வகுப்புக்கு இருவரைத் தேர்ந்தெடுப்பதற்கும் கூட்டக் குறிப்பைப் பலகையில் ஒட்டுவதற்கும் எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டின் ஆறாவது வாரத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள கல்லூரி முதல்வர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.